சொல்லிக்கொள்ளாமல் போன மருமகன்

1

போன வாரம் மாமியார் வீட்டிலிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. மாமனாரின் ஏழாம் ஆண்டு நினைவு நாளுக்கு ‘வருகிறேன்’, ‘வரவில்லை’ என்று இரண்டையும் அச்சடித்து, ஏதாவது ஒன்றில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பச் சொல்லும் அட்டை. மாமனார் இறந்து ஆறு வருடம்தான் ஆகிறது. இறந்த அன்றையே முதலாவது என்று எண்ணத் தொடங்குவதால், ஜப்பானில் ஏழாவது ஆறிலேயே வந்துவிடும். எதிலும் முன்கூட்டியே போய் நிற்கிற ஜனங்கள்.

இரண்டு ரயில் நிலையம் தள்ளியிருக்கிற சொந்த மருமகனுக்கு அட்டை! நம்ம ராஜபாளையத்தில் என்றால் அந்தப் பக்கம் போகிற எவனிடமாவது, “ஏலே, அவனக் குடும்பத்தோட வந்துரச் சொல்லு” என்று சொல்லி அனுப்புவார்கள். அவனும் சொல்ல மறந்துவிடுவான். இருந்தாலும் நாம் போய் நிற்போம்.

நான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஃபிட்டராக இருந்தவன். 1979இல் புது இயந்திரம் பழகிக்கொண்டு வர ஆறு மாதத்துக்கு அனுப்பினார்கள். நகோயாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். வந்த நான்காம் மாதம் விரலை உருளைக்குள் கொடுத்து நசுக்கிக்கொண்டேன். கட்டுப் போட்டுவிட்ட நர்ஸ் பெயர் ஹருமி. ஆறு மாதம் பத்தொன்பது வருடம் ஆகிவிட்டது. விரல் நேராகிவிட்டது, நான்தான் ஊர் திரும்பவில்லை.

ஹருமியின் அப்பா ரயில்வேயில் பிளாட்பாரத்தில் கொடி காட்டியவர். நாற்பது வருடம் மற்றவர்களை வழியனுப்பியே பழகியவருக்கு, ஓய்வு பெற்ற பிறகு வழியனுப்ப ஆள் கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் நாங்கள் போய்த் திரும்பும்போது வாசலில் நிமிர்ந்து நின்றுகொள்வார்.

ஜப்பானில் வீட்டுப் பிள்ளைகள் வெளியே கிளம்பும்போது ‘இத்தெகிமாஸ்’ என்பார்கள். நம்ம ‘போயிட்டு வாரேன்’ அச்சு அசலாக அதேதான். வீட்டில் இருக்கிறவர்கள் ‘இத்தெராஷ்ஷாய்’ என்பார்கள். அதாவது, ‘போயிட்டு வா’. விருந்தாளிக்கு இதெல்லாம் கிடையாது, அவர்களுக்கு வேறு மரியாதை வாசகம். மாமனார் கல்யாணமான முதல் வாரமே என்னைப் பிடித்து நிறுத்தி, “நீ என்ன விருந்தாளியா? போயிட்டு வாரேன்னு சொல்லுப்பா” என்று சொல்ல வைத்தார். (இவர்கள் பேச்சையெல்லாம் நம் ஊர்ப் பேச்சில்தான் எழுதுகிறேன். எனக்கு அப்படித்தான் காதில் விழுகிறது.)

மாமியார் அதே வாசலில், அவருக்குப் பக்கத்திலேயே நிற்பார். ஹருமியிடமும் என் மகள் மீனாவிடமும், “போயிட்டு வாங்க.” என் பக்கம் திரும்பியதும் முதுகு வளையும், குரல் மாறும்: “தாங்கள் இல்லம் தேடி வந்தமைக்கு மிக்க நன்றி.” நம்ம ஊர்ப் பள்ளி ஆண்டு விழாவில் தாளாளருக்கு நன்றியுரை சொல்வார்களே, அந்தத் தமிழ். பதினோரு வருடம், வாராவாரம், ஒரு எழுத்து பிசகாமல் எனக்கு நன்றியுரை வாசித்தார். திட்டினால்கூடப் பதிலுக்கு முறைக்கலாம். நன்றி சொல்கிறவரை என்ன செய்வது?

2

1986இல் என் தங்கை கல்யாணத்துக்கு மாமனாரை ஊருக்கு அழைத்துப்போனேன். மாமியார், தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்று ஒதுங்கிக்கொண்டார். தண்ணீரா, மருமகனா என்று நான் விசாரிக்கவில்லை.

மனிதர் பெட்டியில் ஒரு கறுப்புக் கோட்டும் இரண்டு டையும் இருந்தன. ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு. இங்கே நல்லதுக்கும் கெட்டதுக்கும் ஒரே கறுப்புக் கோட்டுதான். கல்யாணம் என்றால் வெள்ளை டை, சாவு என்றால் கறுப்பு டை. “கல்யாணத்துக்குத்தானே போறோம், கறுப்பு எதுக்கு?” என்று கேட்டேன். “பெரிய குடும்பம்னு சொன்னியே” என்றார். ரயில்வேக்காரர்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப்போனேன். பால்கோவாவை ஒரு வாய் தின்றுவிட்டு, “இதுல எம்புட்டுப் பால் இருக்கு?” என்று கேட்டார். சொன்னதும் மாட்டுக்காக ஒரு நிமிடம் வருத்தப்பட்டார், பிறகு இன்னும் கால் கிலோ வாங்கச் சொன்னார். கோயில் தேரை அண்ணாந்து பார்த்தவர் கோபுரத்தைப் பற்றியோ ஆண்டாளைப் பற்றியோ கேட்கவில்லை. “இது எப்பக் கிளம்பும்?” என்றார்.

“ஆடிப்பூரத்துக்கு.”

“வருசத்துக்கு ஒரே வண்டியா? லேட்டாகாதா?”

“நாள் தவறினதில்ல” என்றேன். தேருக்கு அவர் அடித்த சல்யூட்டைப் பார்த்துப் பூக்காரம்மா பூ கட்டுவதை நிறுத்திவிட்டார்.

அவரிடம் இருந்த மொத்தத் தமிழும் ஒரே வாக்கியம்: போயிட்டு வாரேன். என்னிடம் கேட்டுக் கற்றுக்கொண்டார். தன் வீட்டில் சொல்கிற அதே சொல்லை, கடல் கடந்து வேற்று ஜனமும் சொல்கிறது என்பதில் அவருக்குத் தாங்க முடியாத சந்தோஷம். பால்காரரிடம் சொன்னார், பாத்ரூமுக்குப் போகும்போது என் அம்மாவிடம் சொன்னார், எங்கள் தெரு நாயிடமும் சொன்னார்.

கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் எதிர்வீட்டுச் சுப்பையா மாமா இறந்துபோனார். அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். திரும்பிப் பார்த்தால், மே மாத வெயிலில் கறுப்புக் கோட்டு, கறுப்பு டையோடு மாமனார் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கிறார்.

“ஏலே, அவியள இருக்கச் சொல்லு. துட்டி வீட்டுக்கு எதுக்கு?” என்றார் அப்பா. சொன்னேன். கேட்கவில்லை. எதிர்வீட்டில் சாவு, போகாமல் இருப்பது எப்படி என்றார். அப்பா முன்னால் நடந்தார்.

பந்தலில் அவரைப் பார்த்ததும் ஒரு சலசலப்பு. “வக்கீலு வந்துருக்காரு. சொத்துல ஏதும் வில்லங்கமா?” என்று பின்னால் ஒருவர் கேட்டது எனக்குக் கேட்டது. சுப்பையா மாமாவுக்கு வீட்டைத் தவிர இருந்த சொத்து ஒரு சைக்கிள்.

செத்த நேரம் உட்கார்ந்தோம். அப்பா எழுந்தார், நானும் எழுந்தேன். துட்டி வீட்டில் நாம் என்ன செய்வோம்? வாயைத் திறக்காமல், யார் முகத்தையும் பார்க்காமல் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு நடையைக் கட்டுவோம். ‘வாரேன்’ என்றால் இந்த மாதிரிக் காரியத்துக்கு மறுபடியும் வருகிறேன் என்று ஆகிவிடும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. அதனால் அவருக்கு நானும் சொல்லவில்லை.

மாமனார் நேராகப் போய் பேச்சியம்மா அத்தை முன்னால், சுப்பையா மாமாவின் மனைவி முன்னால் நின்றார். கையைத் தொடையோடு ஒட்டி, இடுப்புவரை குனிந்து, பிளாட்பாரம் முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னார்:

“போயிட்டு வாரேன்.”

அழுகைச் சத்தம் நின்றது. கொட்டுக்காரர் கை நின்றது. அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

காலையிலிருந்து அழுது தொண்டை கட்டிப்போயிருந்த அத்தை தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, “வரட்டும்யா” என்றார். “அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்த மனுசன். நல்லதுக்கு ஒருக்கா வரட்டும்.”

வீட்டுக்கு வந்ததும் நான் மாமனாரிடம் வரிசையாக எடுத்துச் சொன்னேன். சாவு வீட்டில் அதைச் சொல்லவே கூடாது, சைக்கிள் மட்டுமே சொத்தான வீட்டில் அவரை வக்கீல் என்று நினைத்தார்கள், ஊரே ஸ்தம்பித்துவிட்டது, அப்பாவுக்குத் தலைகுனிவு என்று. மனிதர் சுருங்கிப்போனார். ஜப்பான் போனதும் அத்தைக்கு மன்னிப்பாக ஒரு கறுப்புக் குடை அனுப்பினார். அந்தக் குடை இன்றும் எங்கள் தெருவில் எல்லா வீட்டு விசேஷத்துக்கும் போய்வருகிறதாம்.

ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். அத்தை சொன்ன பதிலை அவருக்கு நான் மொழிபெயர்க்கவே இல்லை. தப்பைச் சுட்டிக்காட்டுகிற மும்முரத்தில் அது விட்டுப்போயிற்று. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

3

1992, இலையுதிர் காலம். மாமனார் பத்து நாள் படுத்திருந்தார். ஹருமியும் மீனாவும் அங்கேயே தங்கியிருந்தார்கள். ஒரு நாள் காலை பத்து மணிக்குத் தொழிற்சாலைக்குப் போன் வந்தது.

அலுவலகத்தில் விடுப்புப் படிவம் கொடுத்தார்கள். ‘இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு?’ என்று ஒரு கட்டம். நான் ‘அப்பா’ என்று எழுதிவிட்டேன். அந்தப் பெண் பணிவாக, “மனைவியின் அப்பாவா? அதற்கு மூன்று நாள்தான். சொந்த அப்பா என்றால் ஐந்து நாள்” என்று சொல்லி ரப்பரை நீட்டினார். அழித்து எழுதினேன். இங்கே குடும்பப் பதிவேடு என்று ஒன்று உண்டு, அதில்தான் ஒரு மனிதன் இந்த நாட்டில் இருக்கிறான். வெளிநாட்டுக் கணவனுக்கு அதில் வரிசையில் இடமில்லை. ஹருமி பெயருக்குக் கீழே, ‘இன்னாரை மணந்தார்’ என்று ஒரு குறிப்பாக இருக்கிறேன். மாமனார்தான் அதைப் பார்த்துவிட்டு, “குறிப்பு இல்லாம எந்த டைம் டேபிளும் புரியாது” என்று சிரித்தவர்.

அந்த மனிதர் போய்விட்டார். ரயில் பிடிக்கப் போகிற வழியில், இனி அந்த வாசலில் என்னிடம் ‘போயிட்டு வா’ என்று சொல்ல ஆளில்லை என்பதுதான் திரும்பத் திரும்ப மனத்தில் வந்தது. இனி நன்றியுரை மட்டும்தான்.

நிலையத்திலிருந்து ராஜபாளையத்துக்குப் போன் போட்டேன். அங்கே காலை ஏழு மணி. பலசரக்குக் கடையிலிருந்து ஆள் விட்டு அப்பாவைக் கூப்பிட்டார்கள். செய்தியைச் சொன்னேன். “நல்ல மனுசன்லே” என்றார் அப்பா. “ஒண்ணு சொல்லுதேன் கேளு. அவிய வெள்ளந்தி, தெரியாமச் சொன்னாக. நீ வாய் தவறிச் சொல்லிராத. அந்த அம்மா இனி ஒத்தையா இருக்கப்போறாக.”

வீட்டில் மாமனாரைப் பாயில் கிடத்தியிருந்தார்கள். தலை வடக்கே. சின்ன வயதில் நான் வடக்கே தலை வைத்துப் படுத்தால் அம்மா காலைப் பிடித்து இழுத்துத் திருப்பிப் போடுவாள். அந்தக் காரணம் இங்கேயும் அப்படியே இருக்கிறது. தலைமாட்டில் ஒரு கிண்ணம் சோறு, அதில் செங்குத்தாக நட்ட இரண்டு சாப்பாட்டுக் குச்சி, ஊதுபத்தி. மாமியார் பக்கத்தில் முழங்கால் மடித்து, கண் கலங்காமல் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் உறவினர்கள். கால் மணி நேரத்தில் என் முழங்காலுக்குக் கீழே எல்லாம் மரத்துப்போயிற்று.

ஹருமி வந்து காதோடு, “கறுப்பு உடுப்பெல்லாம் நம்ம வீட்டுல இருக்கு. போய் எடுத்துட்டு வாங்க. மீனாவோட பள்ளிக்கூட உடுப்பையும்” என்று சொல்லிவிட்டு, தம்பி கென்ஜியோடு இறப்பைப் பதிவு செய்ய நகராட்சிக்குப் போனாள்.

நான் எழுந்தேன். வழக்கமாக இந்த வீட்டில் கிளம்பினால் சொல்கிற சொல் நாக்கு நுனிவரை வந்தது. மாமியாரைப் பார்த்தேன். இந்த அம்மாள் வீட்டுக்கு இன்னொரு தடவை இப்படி வரக்கூடாது. வாயை இறுக மூடிக்கொண்டேன். யார் முகத்தையும் பார்க்கவில்லை. மரத்த காலை இழுத்துக்கொண்டு, ஷூவைக் கையில் எடுத்து, வாசலுக்கு வெளியே போய் மாட்டிக்கொண்டு நடந்தேன். பதிமூன்று வருட ஜப்பான் என்னிடமிருந்து கழன்று விழுந்துவிட்டது. அந்த நேரத்தில் நான் எங்கள் தெருவில்தான் நடந்துகொண்டிருந்தேன்.

4

மாலை நான்கு மணிக்கு மூன்று பேர் உடுப்போடு திரும்பி வந்தபோது வீடு வேறு மாதிரி இருந்தது. ஒருவரும் என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஹருமி மட்டும் பார்த்தாள். அந்தப் பார்வைக்குக் கையிலிருந்த கறுப்புத் துணியே வெளுத்திருக்கும்.

கென்ஜி என்னைவிட ஐந்து வயது இளையவன், சாது. அவனே கேட்டுவிட்டான்: “அத்தான், அம்மாகிட்டதான் சொல்லிக்கிடல. படுத்துருக்கிற அப்பாகிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல? அவுக உங்களுக்கு என்ன குறை வச்சாக?”

இங்கே இறந்தவரிடமும் சொல்லிக்கொண்டுதான் எழுந்திருக்க வேண்டும். சொல்லாமல் போவது எழுந்து காறித் துப்பிவிட்டுப் போவதற்குச் சமம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் செய்திருக்கிறேன். விளக்கலாம் என்று வாயைத் திறந்தேன். என் ஜப்பானியம் தொழிற்சாலையில் கற்றது. நூல் சுற்றும் கதிர் உடைந்தால், பெல்ட் நழுவினால் அழகாகச் சொல்வேன். துட்டி வீட்டு முறையைச் சொல்ல அதில் உதிரிபாகம் இல்லை. “எங்க ஊர்ல... சொன்னா... திரும்பி... சாவு...” என்று உளறினேன். சாவு என்ற சொல்லைக் கேட்டதும் ஓர் அத்தைக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்போது மூலையிலிருந்து மீனா எழுந்தாள். பத்து வயது. தமிழில் அவளுக்குத் தெரிந்தது ‘ஏட்டி’யும் ‘போயிட்டு வாரேன்’னும் மட்டும்தான். நான் தமிழில் கேட்டால் ஜப்பானியத்தில் பதில் சொல்வாள். இவள் என்னை விட்டு விலகிப் போகிறாளே என்று நான் கவலைப்படாத நாள் கிடையாது.

“அப்பா ஊர்ல சாவு வீட்டுல சொல்லிக்கிட்டுப் போகக் கூடாது. தாத்தா எனக்கு மட்டும் சொல்லியிருக்காக” என்றாள். அப்புறம் முழுக் கதையையும் சொன்னாள். கறுப்புக் கோட்டு, வக்கீல், சைக்கிள், பந்தல், குனிந்து நின்றது, பிளாட்பாரக் குரல். தாத்தா எத்தனை முறை சொல்லியிருந்தால் இவ்வளவு பிசகாமல் வரும்! “தாத்தா தப்பாச் சொன்னாக. அப்பா சரியா, சொல்லாமப் போனாக” என்று முடித்தாள்.

கென்ஜிதான் முதலில் சிரித்தான். உடனே வாயைப் பொத்தினான். அத்தைக்காரியின் தோள் குலுங்கியது. பாயில் கிடந்தவரைத் தவிர எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்திருப்பார், வாய்ப்பிருந்தால்.

மாமியார் சிரிக்கவில்லை. நேராக என்னைப் பார்த்துக் கேட்டார்: “அந்த அம்மா என்ன சொன்னாக?”

எனக்குப் புரியவில்லை.

“புருசனப் பறிகொடுத்துட்டு உக்காந்திருந்தாகளே. இவுக அப்படிச் சொன்னதும் அந்த அம்மா என்ன சொன்னாக?”

மீனாவுக்குத் தெரியாது. அவள் தாத்தாவுக்கே தெரியாது. தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஆறு வருடம் கழித்து, தப்புத் தப்பான ஜப்பானியத்தில் சொன்னேன்: “தூரத்துல இருந்து வந்த மனுசன். நல்லதுக்கு ஒருக்கா வரட்டும்னு சொன்னாக.”

மாமியார் பாயில் படுத்திருந்தவரின் பக்கம் திரும்பினார். “கேட்டியளா?” என்றார். காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது.

இரண்டாம் நாள் எரியூட்டல். சூடு ஆறியதும் எலும்பு பொறுக்க வேண்டும். நம் ஊரில் மறுநாள் சுடுகாட்டில், காடாத்துக்குப் பால் ஊற்றிக் கையால் பொறுக்குவோம். இங்கே இரண்டு பேர் சேர்ந்து, ஒரே எலும்பை இரண்டு ஜோடிக் குச்சியால் ஏந்திக் குடுவைக்குள் வைக்க வேண்டும். காலில் தொடங்கித் தலைவரை. அப்போதுதான் குடுவைக்குள் அவர் நிமிர்ந்து நிற்பாராம். நிமிர்ந்து நிற்காமல் அவருக்கு எங்கே நிம்மதி? எனக்கு ஜோடி கென்ஜி. எலும்பு என் குச்சியிலிருந்து நழுவப் பார்த்தது. “மெதுவா அத்தான், நான் பிடிச்சிருக்கேன்” என்றான்.

மூன்றாம் நாள் மாலை, விடுப்பு முடிந்து நான் மட்டும் கிளம்ப வேண்டியிருந்தது. இந்தத் தடவை தப்பு நடக்கக் கூடாது என்று, துட்டி வீட்டில் சொல்ல வேண்டிய முழு மரியாதை வாசகத்தையும் ஹருமியிடம் கேட்டு மனப்பாடம் செய்திருந்தேன். அப்பா சொன்னது உறுத்தியது. ஆனாலும் இது அவர்கள் வீடு, அவர்கள் முறை. வாசலுக்கு வந்தேன். மாமியார் நின்றிருந்தார். குனிந்து, மூச்சை இழுத்து, முதல் எழுத்துக்கு வாயைத் திறந்தேன்.

மாமியார் திரும்பி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவர் பின்னால் கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

அன்றைய கோபம் இன்னும் தீரவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் விளங்கியது. நான் சொல்லிக்கொள்ளாமல் போவதற்கு வசதியாக அவர் விலகிப் போயிருக்கிறார். மனப்பாடம் செய்ததை விழுங்கிக்கொண்டு, எங்கள் ஊர் முறைப்படி, வாயைத் திறக்காமல் நடந்தேன்.

5

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளிலும் அப்படித்தான். நான் கிளம்பினால் மாமியாருக்கு உள்ளே ஏதாவது வேலை வந்துவிடும். நன்றியுரையும் இல்லை, வேறெதுவும் இல்லை.

இங்கே நாற்பத்தொன்பதாம் நாளோடு துக்கம் முடிகிறது. அன்று பௌத்தத் துறவி வந்து ஓதிவிட்டுப் போனார், எல்லாரும் சாப்பிட்டோம். நான் பழக்கப்படி முதல் ஆளாக வாசலுக்கு வந்து, சத்தம் போடாமல் ஷூ மாட்டினேன். நிமிர்ந்தால், மாமியார். எப்போதும் மாமனார் நிற்கிற இடத்தில் நின்றிருந்தார்.

உள்ளே போவார் என்று காத்திருந்தேன். போகவில்லை.

“நாப்பத்தொம்பது நாள் முடிஞ்சு போச்சு” என்றார். “இது இனி துட்டி வீடு இல்ல.”

நான் நின்றேன். பிறகு சொன்னேன். ஜப்பானியத்தில் சொல்லத்தான் நினைத்தேன், வந்தது தமிழ்.

“போயிட்டு வாரேன்.”

மாமியாரின் முதுகு வளையவில்லை. குரலும் மாறவில்லை.

“போயிட்டு வா” என்றார்.

தெருமுனைவரை எப்படி நடந்தேன் என்று தெரியாது. முகத்தைத் துடைத்துக்கொண்டு ரயில் நிலையப் படியில் கால் வைத்தபோதுதான், பெண்டாட்டியையும் பிள்ளையையும் உள்ளேயே விட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. திரும்பி ஓடினேன். மூன்று பேரும் வாசலில் நின்றிருந்தார்கள். ஹருமி தலையில் அடித்துக்கொண்டாள். மீனா கைகொட்டிச் சிரித்தாள்.

மாமியார் மட்டும், எதிர்பார்த்துக்கொண்டே இருந்தவர் மாதிரி, “வந்துட்டியா” என்றார்.